வேனுக்குள்ளே ஒயில் கருகும் மணமா? உடனே நிறுத்தச் சொல்லுங்கள்

ஆடி, ஆவணி பிறந்தால் நம் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு சிலாபம், புத்தளம் பக்கம் போவது வழக்கம். முன்னேஸ்வரத்துக்கு ஒரு கூட்டம், உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிக்கு ஒரு கூட்டம், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு இன்னொரு கூட்டம். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றுப் பொட்டலம், பாய், பானை என்று ஏற்றி, ஒரு வேன் தாங்கக்கூடியதற்கு மேலேயே பாரம் ஏற்றிவிடுகிறோம்.

இப்படிப் போன ஒரு பயணத்தில் நானும் இருந்தேன். சிலாபம் தாண்டி முந்தல் பக்கம் போகும்போது ஒயில் கருகுகிற மணம் வந்தது. முன்னால் இருந்த ஒரு பாட்டி, "தம்பி, என்னமோ தீயுதுப்பா" என்றார். "பயப்புடாதீங்க பாட்டி, நேத்துதான் ஒயில் மாத்துனேன். சிந்துனது காயுது" என்றார் டிரைவர். பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்ப வேனை நிறுத்தினோம். மணம் இரண்டு மடங்காயிற்று. சீட்டுக்கடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது.

டிரைவர் சொன்னதும் பொய்யல்ல. ஒயில் ஊற்றும்போது கொஞ்சம் சிந்தினால் அது சூட்டில் காயும், மணம் வரும். ஆனால் அது கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். முந்நாள் மாற்றிய ஒயில் கடுகண்ணாவை இறக்கத்தையும் குருநாகலையும் தாண்டி, முந்தல் வந்த பிறகுமா காய்ந்துகொண்டிருக்கும்?

நாம் அதிகமாகப் போகிற டொல்பின் வேன்களில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. எஞ்சினின் தலையை மூடியிருக்கும் டெப்பட் கவருக்கு அடியில் ரப்பர் பெக்கிங் ஒன்று உண்டு. சூட்டில் வெந்து வெந்து அது கல்லாக இறுகி வெடித்துவிடும். அந்த வெடிப்பு வழியாக ஒயில் கசிந்து, புகை வெளியேறும் இரும்புக் குழாய் மேல் வழியும். பாரத்தோடு ஓடும்போது அந்தக் குழாய் 400 பாகைக்கு மேலும் சூடேறும். எஞ்சின் ஒயிலோ 200 பாகையைத் தாண்டினாலே பற்றக்கூடிய ஆவியைக் கிளப்பத் தொடங்கும். இதுதான் ஆபத்து. ஓடும்போது காற்று புகையை அடித்துப் போய்விடுவதால் மணம் குறைவு. நின்றால் உள்ளே ஏறும். ஆகவே நிற்கும்போது மணம் கூடினால், வெளிக்கசிவு என்று சந்தேகப்படுங்கள்.

எல்லாக் கருகல் மணமும் ஒயில் அல்ல. மலை இறக்கத்தில் வருவது பெரும்பாலும் பிரேக் லைனர். தொண்டையைக் கரிக்கிற காரமான மணம், சக்கரத்துக்குக் கிட்டப் போனால் தெரியும். கிளச் எரிந்தால் காகிதம் கருகுவது போலிருக்கும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஒயில் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது. அது பெரிய வேலை.

அன்று வேனை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, முதலில் பிள்ளைகளை இறக்கினோம். அதுதான் சரியான முறை. எஞ்சின் ஆறிய பிறகு சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒயில் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால், அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடினாலும் தவறுதான். டாஷ்போர்டில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் ஒரு அடியும் ஓட்டக்கூடாது. நெருப்பே பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எரியும் ஒயில் சிதறும். சீட்டையும் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ எழும்பும். எல்லோரும் தூர விலகுவதுதான் முதல் வேலை. தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் இருந்தால் நல்லது. சிறு தீயாகக் கண்ணுக்குத் தெரிந்தால் மணல் போடலாம். புத்தளக் கரையில் மணலுக்கா பஞ்சம்?

எங்கள் வேனுக்குப் பாலாவியிலேயே ஒரு கராஜ் கிடைத்தது. அந்த பாஸ் செய்ததை நம் பையன்களும் தெரிந்து வைத்திருக்கலாம். ஆறிய எஞ்சினை நன்றாகத் துடைத்து, கவர் ஓரமெல்லாம் முகப் பவுடரைத் தூவி, சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். வெள்ளைப் பவுடரில் ஒயில் வந்த இடம் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பழைய பெக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதியது போட்டு, போல்ட்டுகளை ஒரே பக்கம் இறுக்காமல் மாறி மாறி, அளவாக இறுக்கினார். அதிகம் இறுக்கினால் கவர் வளைந்து மறுபடி கசியும்.

பிறகு ஒன்று செய்தார், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். கரி அடைத்துக் கிடந்தது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எத்தனை புது பெக்கிங் போட்டாலும் ஒயிலைத் தள்ளிவிடும். கடைசியாகப் புகைக் குழாயில் ஒட்டியிருந்த ஒயிலைத் துடைத்தார். துடைக்காவிட்டால் பழைய மணமே வந்து, வேலை சரியில்லை என்று நினைப்போம்.

எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்திலிருந்து ஒயில் சொட்டினால் மட்டும் இவ்வளவு சுலபமல்ல. கியர் பெட்டியை இறக்கி சீல் மாற்ற வேண்டும்; செலவும் நாளும் பிடிக்கும்.

ஊர் திரும்பியதும் வேனின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். கடலோர உப்பு ஒயில் தட்டை அரித்து, அதிலும் ஓட்டை விழவைக்கும். அன்றிரவு வேனுக்கடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தோம். காலையில் பார்த்தபோது அட்டை காய்ந்தே இருந்தது.