பரங்கிப்பேட்டை உலை புகட்டும் பாடம்

ஒரு தொழில் எவ்வளவு பெரிது என்று வியப்பதோடு நில்லாது, அதன் வேர் எங்கே ஊன்றியுள்ளது என்றும் ஆராய்தல் வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியும், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையிலும் ஆலைகள் பெருகியுள்ள இந்நாளில், வெள்ளாற்றங்கரைப் பேரூர் ஒன்றின் வரலாற்றை நம் அங்கத்தினர்களின் சிந்தனைக்கு வைக்கின்றோம்.

கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலிற் கலக்குமிடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்திலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், 1830-ஆம் ஆண்டில் இங்கு இரும்பு உருக்காலை ஒன்றை நிறுவினார். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க நம் நாட்டில் எடுக்கப்பட்ட தொடக்க காலப் பெருமுயற்சிகளுள் இது ஒன்றாகும்.

உலை இருந்தது பரங்கிப்பேட்டையில். கனிமம் கிடைத்ததோ சேலத்தில். அது ஆற்று வழியாகப் பரிசல்களில் வந்து சேர்ந்தது. எரிபொருள் மரக்கரி. காடு வெட்ட வெட்டக் கரி வரும் தூரம் நீண்டது, அடக்கவிலையும் ஏறிற்று. இங்கு உருக்கிய இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குச் சென்று நற்பெயர் பெற்றது. ஆயினும், நிலக்கரியால் உருக்கிய ஆங்கில இரும்பின் மலிவுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. கடன் பெருகிற்று. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய ஸ்தாபனம் பொறுப்பேற்றும், 1860-களில் உலை அணைந்தது. ஊர் மீண்டும் மீன்பிடி ஊராயிற்று.

இது பழங்கதையன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தனர். ஆலையைத் திறப்பதும் மூடுவதும் அவ்வூரார் கையில் இல்லை.

நம் சங்கங்களின் நிலை வேறு. 1904-ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகளும், காஞ்சிபுரத்தில் நகர மக்களும் கடன் சங்கம் கண்டனர். அம்முதல் போட்டவர்களும் பயன் பெற்றவர்களும் உள்ளூராரே. ஆயினும் நாமும் செருக்குறலாகாது. நூலுக்கும் சாயத்துக்கும் தொலைவிலுள்ள ஒருவரையே நம்பி, துணி விற்க ஒரே வாயிலை எதிர்பார்க்கும் நெசவாளர் சங்கம், சேலத்துக் கனிமத்துக்குக் காத்திருந்த உலையையே ஒக்கும். விதைக்கும் உரத்துக்கும் கடனையே நம்பும் விவசாயிகள் சங்கமும் அத்தகையதே.

ஆலை வேலைக்குச் செல்லும் மைந்தரைத் தடுக்க வேண்டுவதில்லை. அவ்வூதியம் குடும்பத்துக்குத் துணையே. ஆனால் அதனை நம்பிச் சங்கத்துப் பங்குத் தொகையைத் திரும்பப் பெற்றுத் தறியை விற்றுவிடுதல் தகாது. அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து, "நம் சேமநிதி எவ்வளவு? இருப்பில் தேங்கிய சரக்கு எவ்வளவு? கடன் நிலுவை எவ்வளவு?" என்று கேட்பாராக. உலை கனன்றுகொண்டிருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.