மூளைக் கட்டியும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்

கைபேசியில் எதையோ படித்துவிட்டு, "மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து வந்துவிட்டதாமே?" என்று கேட்கும் குடும்பத்தினர் உண்டு. நியாயமான கேள்விதான்.

மரபணுவின் கட்டளையைச் சுமந்து செல்வது தூது ஆர்.என்.ஏ. அதன்மேல் படிந்து, புரதம் உருவாவதைத் தடுக்கும் மிகச் சிறிய இழையே மைக்ரோ ஆர்.என்.ஏ.; ஏறத்தாழ 22 எழுத்து நீளம். 1993இல் ஒரு சிறு புழுவில் இதனைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோசும் கேரி ருவ்குனும் 2024இல் நோபெல் பரிசு பெற்றனர்.

கிளையோபிளாஸ்டோமா எனும் தீவிர மூளைக் கட்டியில் இவற்றின் அளவு நிலைகுலைகிறது. மிர்-21 மிகுகிறது. பழுதடைந்த உயிரணு தானே மடிவதற்கு உதவும் புரதங்களை அது அடக்குவதால், மடிய வேண்டியவை மடியாமல் பெருகுகின்றன. ஆய்வுக்கூடத்தில் மிர்-21ஐத் தடுத்தபோது கட்டியின் உயிரணுக்கள் மடிந்ததை 2005இலேயே கண்டனர். மிர்-7 நிலை இதற்கு நேர்மாறு: வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தைக் கட்டுப்படுத்தும் அது குறைந்துவிடுகிறது.

பின் மருந்து ஏன் வரவில்லை? ஆய்வுக்கூடத் தட்டு வேறு, மனித மூளை வேறு. குருதியிலுள்ள பல பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பு, இவ்விழைகளையும் தடுக்கிறது. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களை ஆள்வதால் பக்கவிளைவை முன்னறிவதும் கடினம். வேறு புற்றுநோய்களுக்காக மிர்-34ஏ கொண்டு மனிதரிடம் நடந்த சோதனை, நோயெதிர்ப்பு மண்டலத்தின் கடும் எதிர்வினைகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே, எவரேனும் இச்சிகிச்சைக்குப் பெருந்தொகை கேட்டால், பணம் கட்டுமுன் உங்கள் மருத்துவரிடம் கூறுங்கள். கதிர்வீச்சையும் டெமோசோலமைடு மாத்திரையையும் இதற்காக நிறுத்த வேண்டா. மருத்துவ ஆய்வு என்று சொன்னால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் ஆய்வின் பதிவு எண்ணையும் கேட்டுப் பெறுங்கள்.