தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து

2024-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நானும் என் துணைவியும் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கிவிட்டு நாக்பூர் திரும்பினோம். அமெரிக்கா போய் வந்தவர் எழுதும் கட்டுரை என்றதும் நயாகராவும் டிஸ்னிலாண்டும் வரப்போகிறது என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இரண்டையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு கைவண்டி. ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் 36 வருடம் சக்கரத்தோடும் அச்சோடும் காலம் தள்ளியவன் என்பதால் அதைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

அங்கே பள்ளிக்கூடம் மே கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கிறது. விடுமுறை என்றுதான் பெயர். குழந்தைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. மகள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர். பேரனுக்கு (வயது 9) காலை நீச்சல். பேத்திக்கு (வயது 15) வயலின் முகாம், சௌத் ஜோர்டனில் உள்ள பிள்ளையார் கோயிலில் நடன ஒத்திகை. நடுவில் ஜூலை 4 சுதந்திர தினம், ஜூலை 24 அந்த மாநிலத்துக்கே உரிய ஒரு விடுமுறை. ஜூன் கடைசி வாரத்தில் மூன்று கட்டங்களைச் சேர்த்து சிவப்பு மையில் ‘ட்ரெக்’ என்று எழுதியிருந்தது.

“மலையேற்றமாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல தாத்தா. வண்டி இழுக்கணும். அந்தக் காலத்து டிரெஸ் போட்டுக்கிட்டு மூணு நாள். ஃபோன் கிடையாது” என்றாள் பேத்தி.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மார்மன்கள். அவர்களுடைய சபை 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்டது. மார்மன் என்ற சொல்லை விட்டு, பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரைச் சொல்லும்படி 2018-இல் அவர்கள் தலைமை கேட்டுக்கொண்டது. ஊர் வழக்கில் இன்னும் மார்மன் என்பதே இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு வட்டாரத்துச் சபைகள் சேர்ந்து சில வருடத்துக்கு ஒரு முறை 14 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை முன்னோர் நடந்த பாதையில் கைவண்டி இழுக்க வைக்கிறார்கள். சபையைச் சேராத நண்பர்களும் போகலாம். பக்கத்து வீட்டுப் பெண் நம் பேத்தியின் வகுப்புத் தோழி. அவள்தான் அழைத்திருந்தாள்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சு இதுதான். “என்னங்க, அங்க கூட்டிட்டுப் போய் மதம் மாத்திடுவாங்களோ?” என்றார் என் துணைவி. “அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள் மகள். நான் நேரே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜெபமும் பாட்டும் உண்டு, உங்கள் பேத்தி சும்மா உட்கார்ந்திருக்கலாம், சைவச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு என்னைத் தன் கராஜுக்கு அழைத்துப்போய் அங்கிருந்த கைவண்டி ஒன்றைக் காட்டினார். அதன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்ததோடு என் ஆட்சேபணை தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு. ஜோசப் ஸ்மித்தை 1844-இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கும்பல் கொன்றது. அதன்பின் அங்கே இருக்க முடியாமல் பிரிகாம் யங் என்பவர் தலைமையில் 1846-இல் மேற்கே கிளம்பினார்கள். 1847 ஜூலை 24 அன்று யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். ஜூலை 24 விடுமுறைக்குக் காரணம் இதுதான். அது ஆளில்லாத நிலம் அல்ல. யூட், ஷோஷோனி முதலிய பழங்குடிகளின் நாடு. யூட் என்ற பெயரிலிருந்துதான் யூட்டாவே வந்தது. குடியேறியவர்களின் கதையைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் வந்தவர்கள் மாட்டு வண்டியில் வந்தார்கள். பிறகு இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஏழைகள் ஆயிரக்கணக்கில் வரத் தயாரானபோது அத்தனை பேருக்கும் வண்டியும் மாடும் வாங்கப் பணமில்லை. மாட்டுக்குப் பதிலாக மனிதனே இழுக்கட்டும் என்று முடிவாயிற்று. கப்பலில் வந்து இறங்கி, ரயிலில் அயோவா சிட்டி வரை வந்தார்கள். 1856-இல் தண்டவாளம் அங்கே முடிந்துவிட்டது. அங்கிருந்து சால்ட் லேக் சுமார் 2100 கிலோமீட்டர். நடைதான். முதல் கைவண்டிக் கூட்டம் 1856 ஜூன் மாதம் புறப்பட்டது. அதே கோடையில், ஜூலை 1-ஆம் தேதி, நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது என்பதை ரயில்வேக்காரன் சொல்லாமல் இருக்க முடியாது.

1856 முதல் 1860 வரை பத்துக் கூட்டங்களாக ஏறத்தாழ 3000 பேர் இப்படி நடந்தார்கள். ஐந்து பேருக்கு ஒரு வண்டி. ஆளுக்கு 17 பவுண்டு சாமான், அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. உடுப்பு, போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பத்தில் எட்டுக் கூட்டங்கள் பெரிய விபத்தில்லாமல் போய்ச் சேர்ந்தன. 1856-இல் கடைசியாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு கூட்டங்கள்தான் பனியில் மாட்டின. சுமார் ஆயிரம் பேரில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வேயில் விபத்து நடந்தால் விசாரணை வைத்துக் காரணங்களை வரிசைப்படுத்துவோம். அந்தப் பழக்கத்தில் நானும் பார்த்தேன்.

முதல் காரணம், தாமதம். அயோவா சிட்டியில் இவர்களுக்கு வண்டி தயாராக இல்லை. ஜூலை பாதிக்கு மேல்தான் கிளம்ப முடிந்தது. நெப்ராஸ்கா சேரும்போது ஆகஸ்ட் ஆகிவிட்டது. லீவை சாவேஜ் என்ற அனுபவசாலி ஒருவர், குளிர் முடியும்வரை இங்கேயே தங்கிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். பெரும்பான்மையோர் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நானும் உங்களுடன் வருகிறேன் என்று அவர் கூடவே போனார்.

இரண்டாவது, வண்டி. அவசரத்தில் பச்சை மரத்தில் செய்தார்கள். வறண்ட சமவெளியில் மரம் சுருங்கி ஆரக்கால்கள் ஆட்டம் கண்டன. அச்சும் மரம், சக்கரக் குடமும் மரம். நடுவே மணல் புகுந்தால் அரத்தால் ராவுவதுபோல் தேயும். நம் ஊர் வண்டிக்காரர் வைத்திருக்கும் வண்டி மை அங்கே இல்லை. பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவி ஓட்டினார்கள். அந்தக் கொழுப்பு அவர்களுடைய சாப்பாடு என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் ஆக்சில் பாக்ஸில் எண்ணெய் வற்றினால் ஹாட் ஆக்சில் ஆகி வேகனைக் கழற்றிவிடுவோம். அவர்களுக்குக் கழற்றிவிட வேறு வண்டி ஏது?

மூன்றாவது, சுமை. மாவு அளவு குறைந்துகொண்டே வர, தெம்பும் குறைந்தது. வண்டியை இலேசாக்குவதற்காக அக்டோபர் நடுவில் மார்ட்டின் கூட்டத்தார் ஆளுக்குப் பத்துப் பவுண்டு மட்டும் வைத்துக்கொண்டு, போர்வையும் உடுப்புமாக மீதியை விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று, நார்த் பிளாட் ஆற்றை இடுப்பளவு குளிர்ந்த நீரில் கடந்தார்கள். அன்றே பனி கொட்டத் தொடங்கியது. இரண்டு வாரம் முன்பே, இப்படிச் சிலர் வழியில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சால்ட் லேக்கிலிருந்து பிரிகாம் யங் மாவும் போர்வையும் ஏற்றிய வண்டிகளை எதிரே அனுப்பியிருந்தார். அவை வந்திராவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இதைத்தான் பிள்ளைகள் நடந்து பார்க்கிறார்கள். என் துணைவி பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்துப் பேத்திக்கு நீளப் பாவாடையும் வெயிலுக்குத் தலைக்குல்லாயும் தைத்துக் கொடுத்தார். சாமான் வைக்க ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. மூடியைப் போட்டால் அதுவே முக்காலி. மொத்தம் 17 பவுண்டு. நான் ஸ்பிரிங் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பாட்டி கட்டிய புளியோதரையை எடுத்து வெளியே வைத்த பிறகுதான் எடை சரியாக வந்தது.

கடைசியாக ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். கஷ்டப்பட்டு நடந்து வந்த முன்னோர் ஒருவரின் பெயரை அதில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். தோழிக்கு எழுதப் பெயர் இருந்தது.

“தாத்தா, நம்ம ஃபேமிலில யாராவது நடந்து வந்திருக்காங்களா?”

இருந்தார்கள். என் தாத்தா ரங்கூனுக்கு அருகில் இன்சின் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் தரை வழியாகப் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போனார்கள். என் அப்பாவுக்கு அப்போது வயது 11. ரயில் இருந்தவரை ரயில். பிறகு தமு வழியாக மலையேறி, மணிப்பூரில் பாலேல், இம்பால், அங்கிருந்து திமாபூர். திமாபூர் ஸ்டேஷனுக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர். அங்கேதான் மறுபடியும் தண்டவாளம். அப்பாவுக்கு நான்கு வயதில் ஒரு தங்கை இருந்தாள். “பாலேலுக்கு முன்னாடியே அவள விட்டுட்டோம்” என்று அப்பா ஒரு முறை சொன்னார். காய்ச்சலா, பசியா, எங்கே புதைத்தார்கள், நான் கேட்கவில்லை. அவர் மறுபடி சொல்லவுமில்லை. 1998-இல் காலமானார். பேத்தி கேட்கும்வரை என் மகளுக்கே இது தெரியாது.

அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். சொன்னேன். பேத்தி அட்டையில் தமிழிலேயே எழுதினாள். ‘ள’கரத்துக்கு மட்டும் அம்மாவைக் கேட்டாள்.

வயோமிங்கில் மார்ட்டின் கூட்டத்தார் பனியில் ஒதுங்கிய குன்றுப்பக்கம் அவர்கள் நடந்தார்கள். ஏறத்தாழ 1800 மீட்டர் உயரம், பகலில் வெயில், இரவில் குளிர். பத்துப் பேருக்கு ஒரு ‘அம்மா’, ஒரு ‘அப்பா’ என்று குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். தண்ணீரோடும் மருத்துவரோடும் வண்டிகள் பின்தொடர்ந்தன என்பதால் 1856 அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மேட்டில் பையன்களை ஒதுக்கி நிறுத்திப் பெண்கள் மட்டும் இழுக்க வேண்டும். 1846-இல் ஐந்நூறு ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதை நினைவூட்ட என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். அதற்கும் கைவண்டிக்கும் பத்து வருட இடைவெளி என்று நான் கணக்குச் சொன்னேன். “தாத்தா, இழுக்கும்போது அதெல்லாம் தோணாது” என்றாள். கையில் கொப்புளம், மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. அந்த இரவு யாரும் கூப்பிடாமலே பாட்டியிடம் வந்து படுத்துக்கொண்டாள். மதம் மாறவில்லை. புளியோதரை கேட்டாள்.

ஜூலையில் மாப்பிள்ளை எங்களை பிராமண்டரி சிகரத்துக்கு அழைத்துப்போனார். 1869 மே 10 அன்று கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் பாதையும் மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் பாதையும் சேர்ந்த இடம். சீனத் தொழிலாளிகளும் ஐரிஷ்காரர்களும் போட்ட பாதை. மார்மன்களும் ஒப்பந்தம் எடுத்து மண்வேலை செய்தார்கள். 1869 ஏப்ரலில் ஒரே நாளில் பத்து மைல் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். பாதை சேர்ந்ததோடு மாட்டு வண்டிக் காலமும் முடிந்தது. மாதக்கணக்கில் நடந்த தூரம் சில நாள் பயணம் ஆயிற்று. பழைய மாதிரியில் செய்த இரண்டு நீராவி இன்ஜின்கள் முகத்துக்கு முகம் நிற்கின்றன. நான் அவற்றின் பேரிங்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பேத்தி ஒரு தகவலைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். 1904-இல் வேறு குறுக்குப் பாதை வந்துவிட்டதால் அந்தப் பழைய தண்டவாளத்தை 1942-இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று பிடுங்கிவிட்டார்களாம்.

“1942, தாத்தா” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜூலை 24 அன்று சால்ட் லேக் சிட்டியில் ஊர்வலம், இரவில் வாணவேடிக்கை. அந்த மக்களின் நம்பிக்கைகள் பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைக் கண்டு வெட்கப்பட்டேன். யார், எந்த வருடம், எந்த வழியாக வந்தார், வழியில் யாரை இழந்தார் என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுகிறார்கள்.

நம் சங்கத்தில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. பஞ்சத்தில் ஊரை விட்டவர்கள், மில் வேலைக்கு வந்தவர்கள், ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து வந்தவர்கள் உண்டு. பெரியவர்களில் சிலர் தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள். இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஊர், வருடம், ரயில் ஏறிய ஸ்டேஷன், கூட வந்தவர்கள், வந்து சேராதவர்கள், இவ்வளவு போதும். நான் என் அப்பாவிடம் கேட்காமல் விட்டதை நீங்களும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.