பெயர் ஒன்று, நஞ்சு வேறு

ஒரே பெயர் கொண்ட இரு ஊர்களால் ரயில்வே பார்சல் ஆபீஸில் நாம் படும் தொல்லை கொஞ்சமன்று. எனினும், இடம் மாறிய பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். இடம் மாறிய ஒரு மருந்தைப் பற்றியே இங்கு அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் உழவர்களின் பெரும்பகை சிங்கமன்று. இரண்டடி நீளமே உள்ள ஒரு விரியன். நம் நாட்டுச் சுருட்டை விரியனுக்கு அது நெருங்கிய உறவு, பெயரும் ஒன்றே. ஆனால் நஞ்சு வேறு.

அது கடித்தால் கடிவாய் வீங்கும். இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை நஞ்சு அழித்துவிடுவதால் ஈறுகளில் இரத்தம் கசியும். மூளையில் கசிந்தால் உயிருக்கே கேடு. இதனை அறியப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. நோயாளியின் இரத்தம் சிறிதைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்ப்பர். உறையாமல் ஓடினால், உடனே விஷமுறிவு மருந்தை நரம்பில் ஏற்றுவர்.

மற்றப் பாம்புகளின் வழி வேறு. கறுப்பு மாம்பாவின் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும். அதற்கு மருந்தோடு செயற்கைச் சுவாசமும் வேண்டும். நஞ்சு துப்பும் நாகம் கடித்தால் சதை அழுகும். சில வேளை உறுப்பையே நீக்க நேரும்.

பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே மருந்து செய்கின்றனர். ஆகவே, எந்தப் பாம்பின் நஞ்சால் ஆனதோ அதற்கும் அதை ஒத்த நஞ்சுக்குமே அம்மருந்து பயன்படும். இந்தியப் பாம்புகளின் நஞ்சால் ஆன மலிவு மருந்து கானாவிலும் சாட் நாட்டிலும் வழங்கப்பட்டபோது, கடியுண்டோரின் சாவு பன்மடங்கு பெருகியது. ஆப்பிரிக்காவின் 10 வகைப் பாம்புகளுக்கு உதவிய பிரெஞ்சு மருந்தோ, மலிவுச் சரக்கோடு போட்டியிட இயலாமல் 2014இல் உற்பத்தி நின்றுபோயிற்று. எஞ்சியிருந்ததும் 2016இல் காலாவதியாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சாவையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாக்க 2019இல் திட்டமும் வகுத்தது.

நம் குடும்பங்களிலிருந்து உத்தியோக நிமித்தம் ஆப்பிரிக்கா செல்வோர் உளர். இங்கிருந்து விஷமுறிவு மருந்து வாங்கிச் சென்றால் போதும் என்று அவர்கள் எண்ணுதல் கூடாது. கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, கயிற்றால் இறுகக் கட்டவோ வேண்டா. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்க. அவ்வூர்ப் பாம்புக்கு உரிய மருந்து எந்த மருத்துவமனையில் உண்டு என்பதை, குடியேறிய நாளிலேயே கேட்டறிந்து வைத்தல் நலம்.