லாரி ஃபாக் லைட்டுக்கு எந்த பல்பு சரி? பனியில் வெளிச்சம் கூடினால் ஏன் ஆபத்து?

மார்கழி பிறந்துவிட்டால் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் விடியற்காலைப் பயணம் கொஞ்சம் கஷ்டம்தான். ஏரிக்கரைச் சாலைகளிலும், திருமுக்கூடல் பாலாற்றுப் பக்கமும் பனி படர்ந்து கிடக்கும். சாலவாக்கம், மதூர் பகுதி கிரஷர்களில் இருந்து ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் கிளம்புவதும் அதே நேரத்தில்தான். எதிரே பால் கேனோடு வரும் எக்ஸ்எல் வண்டி, ரோட்டோரமாக நடக்கும் மாடு, மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடையில் நடந்து போகும் பக்தர்கள் எனப் பலரும் இருப்பார்கள்.

இந்த நேரத்தில் ஃபாக் லைட் பல்பு ஃபியூஸ் போனால், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அண்ணே, நார்மல் போதுமா, 100 வாட்ஸ் தரவா, இல்ல எல்இடியே போட்டுடலாமா?"

பெரும்பாலும் பதில், "நல்லா வெளிச்சம் வர்றதா குடுப்பா" என்பதுதான். பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஃபாக் லைட் எப்படி வேலை செய்கிறது?

பனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். ஹை பீம் போட்டால் அந்த ஒளி துளிகளில் பட்டு டிரைவரின் கண்ணுக்கே திரும்பி வரும். கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டியது போல இருக்கும். அதனால்தான் ஃபாக் லைட்டைப் பம்பரில் கீழே வைக்கிறார்கள். அதன் ஒளி தரையை ஒட்டி, அகலமாக, இரண்டு பக்க ஓரமும் தெரியும்படி விழும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். அந்த விளிம்புக்கு மேலே ஒளி போகக் கூடாது.

தூரம் காட்டுவது ஃபாக் லைட்டின் வேலை கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பல்பு வாங்கும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் பழைய பல்பைப் பாருங்கள்

கழற்றிய பல்பின் உலோக அடிப்பாகத்தில் எச்1, எச்3, எச்11 என ஏதாவது ஒரு வகை, வோல்ட், வாட்ஸ் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். அதே மூன்றும் புது பல்பிலும் இருக்க வேண்டும். ஏற்கெனவே யாராவது மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால், வண்டியோடு வந்த கையேட்டையோ, விளக்குக் கூட்டின் மேல் உள்ள எழுத்தையோ பார்க்கலாம்.

டிப்பர், டாரஸ் போன்ற கனரக லாரிகள் 24 வோல்ட். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் போன்றவை 12 வோல்ட். 12 வோல்ட் பல்பை லாரியில் மாட்டினால் போட்ட உடனே போய்விடும். 24 வோல்ட் பல்பை ஏஸ் வண்டியில் மாட்டினால் மெழுகுவர்த்தி மாதிரி மங்கலாக எரியும். ஒரே எச்3 வகை இரண்டு வோல்ட்டிலும் வருவதால், அட்டைப்பெட்டியை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இதில்தான். 24 வோல்ட் எச்3, எச்11 பல்புகளின் நிர்ணயிக்கப்பட்ட அளவு 70 வாட்ஸ். 12 வோல்ட்டில் 55 வாட்ஸ்.

100 வாட்ஸ் போட்டால் என்ன ஆகும்?

24 வோல்ட்டில் 70 வாட்ஸ் பல்பு சுமார் 3 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட்ஸ் என்றால் 4 ஆம்பியருக்கு மேல். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் வயரில் உருவாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி கூடும் என்பதால், அதே வயர், அதே கனெக்டரில் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கனெக்டர் பழுப்பாக மாறுவது, பிளாஸ்டிக் கருகும் வாடை, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு மங்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டிவிட்டால், அடுத்து எரியப்போவது வயர்தான்.

"ரிலே போட்டா சரியாகிடும்" என்பார்கள். ரிலே சுவிட்சைக் காப்பாற்றும். விளக்குக் கூட்டுக்குள் ஏறும் சூட்டையோ, எதிரே வருபவரின் கண் கூசுவதையோ அது குறைக்காது.

அப்போ எல்இடி?

கரன்ட் குறைவு, சூடு குறைவு என்பதால் எல்இடி நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில். ஹாலஜன் பல்பில் ஒளி வருவது ஒரு சிறிய இழையில் இருந்து. அந்த இழை எங்கே இருக்கிறதோ, அதை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே வடிவமைத்திருக்கிறார்கள். எல்இடி பல்பில் சிப்புகள் பக்கவாட்டில், சற்றே தள்ளி இருக்கும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஒளி சிதறும். கத்தியால் வெட்டியது போன்ற அந்த மேல் விளிம்பு கலைந்து, வெளிச்சம் மேலே ஏறிவிடும். டிரைவருக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும். எக்ஸ்எல்லில் வருபவருக்குச் சில நொடிகள் ரோடே தெரியாது.

எல்இடிதான் வேண்டும் என்றால், பல்பை மட்டும் மாற்றாமல், எல்இடிக்காகவே வடிவமைத்து அங்கீகாரம் பெற்ற முழு ஃபாக் லைட் செட்டை வண்டி நிறுவனத்தின் டீலரிடம் கேட்டு மாற்றுவதே சரியான வழி. செலவு கூடுதல்தான்.

மஞ்சளா, வெள்ளையா?

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துப் போகும் என்பது பல வருட நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் மஞ்சளில் நீலம் குறைவு என்பதால் கண்ணுக்குக் கூச்சம் குறைவாகத் தெரியும். பிரான்ஸ் நாட்டில் 1993 வரை முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டில் எது போட்டாலும் தவறில்லை. நீலம் கலந்த வெள்ளை மட்டும் வேண்டாம். பாக்கெட்டில் 6000 கெல்வின் என்று இருந்தால் அது நிறத்தைச் சொல்கிறது, வெளிச்சத்தின் அளவை அல்ல. சாதாரண ஹாலஜன் 3000 கெல்வினை ஒட்டி இருக்கும்.

அசலான பல்பில் வகை, வோல்ட், வாட்ஸ் மூன்றும் தெளிவாகப் பொறித்திருக்கும். பல பல்புகளில் வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது ஐரோப்பிய அங்கீகார முத்திரை. எண் எந்த நாடு கொடுத்தது என்பதைக் குறிக்கும். இந்தியாவில் இழை பல்புகளுக்கான தரநிலை ஏஐஎஸ்-034. கையால் தேய்த்தாலே அழியும் அச்சு, "ஆஃப் ரோடு மட்டும்" என்ற வாசகம் இரண்டில் எது இருந்தாலும் அந்த பல்பை விட்டுவிடலாம்.

மாட்டும்போது

விளக்கை அணைத்து, ஆற விட்டு, பிறகு கழற்ற வேண்டும். புது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும். குவாரி ரோட்டில் ஓடும் வண்டிகளில் தூசும் அதிகம், அதிர்வும் அதிகம். கண்ணாடியைத் துடைப்பதோடு, பின்பக்க ரப்பர் மூடி கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

மாட்டியதும் 10 மீட்டர் தள்ளி ஒரு சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். ஒளியின் மேல் விளிம்பு, ஃபாக் லைட் இருக்கும் உயரத்தைவிட ஒரு சாண் அளவாவது கீழே இருக்க வேண்டும். மேலே ஏறி இருந்தால் பல்பு சரியாக உட்காரவில்லை, அல்லது பிராக்கெட் வளைந்திருக்கிறது.

அபராதம் உண்டா?

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்த மத்திய மோட்டார் வாகன விதி 111 தடை விதிக்கிறது. கேபின் மேல் எல்இடி பார் கட்டி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரியான பல்பு போட்டும் மாதம் ஒன்று போகிறதா? குறை பல்பில் இல்லாமல் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் சார்ஜிங் சுமார் 28 வோல்ட் காட்ட வேண்டும். 30-ஐத் தாண்டினால் ஆல்டர்நேட்டர் ரெகுலேட்டரை எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு புது பல்பு வாங்குங்கள்.