புல்புல் எந்தப் பறவை?

பாரசீக, உருதுக் கவிதைகளின் தமிழாக்கங்களை வாசித்தோர்க்குப் 'புல்புல்' என்ற பெயர் பழக்கமானது. ரோஜாவின் மீது காதல்கொண்டு இரவெல்லாம் உருகிப் பாடும் பறவை என்ற அளவில் அதனை அறிந்து வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் சிலர் அதனைக் குயில் என்று எழுதிவிடுவர். வேறு சிலர் புல்புல் என்றே விட்டுவிடுவர். பறவை நூல்களைப் புரட்டினாலோ, புல்புல் என்ற பெயரின் கீழ் நம் வேலியோரத்துக் கொண்டைக்குருவியின் படம் இருக்கும். இவை மூன்றும் வெவ்வேறு பறவைகள். இந்தக் குழப்பம் எவ்வாறு வந்தது, அதனால் ஒரு கவிதைக்கு என்ன நேரக்கூடும் என்பதையே இன்று நோக்க விரும்புகின்றேன்.

பாரசீகப் புலவர்கள் புல்புல் என்றது ஆங்கிலேயர் நைற்றிங்கேல் என்று சொல்லும் பறவையை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அத்தார் பாடிய காவியத்திலே, கொண்டலாத்தியின் தலைமையில் பறவைகள் தம் அரசனைத் தேடிப் புறப்படும் வேளையில், 'ரோஜாவின் காதலே எனக்குப் போதும்' எனச் சாட்டுச் சொல்லிப் பின்நிற்பது இந்தப் புல்புல்தான். பார்வைக்கு மங்கிய தவிட்டு நிறம். கொண்டையும் இல்லை, பகட்டும் இல்லை. இரவில் நெடுநேரம் பாடும் குரலே அதன் செல்வம். கோடையில் ஐரோப்பாவிலும் ஈரான் முதலிய நாடுகளிலும் இனம்பெருக்கிவிட்டு, குளிர்காலத்தில் ஆபிரிக்காவுக்குப் போய்விடும். இந்திய உபகண்டத்தில் அதனைக் காண்பது மிக அரிது.

ஆனால் பாரசீகம் அரசமொழியாக விளங்கிய வட இந்தியாவில் கவிதை இருந்தது; பறவை இல்லை. தோட்டத்து மரக்கிளையில் உற்சாகமாகக் குரல் கொடுக்கும் வேறொரு பறவைக்கு மக்கள் அப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். பின்னர் வந்த ஐரோப்பிய இயற்கையியலாளர் அப்பெயரையே ஒரு முழுக் குடும்பத்துக்கும் ஆக்கினர். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமாக 150க்கு மேற்பட்ட இனங்கள் இன்று இக்குடும்பத்தில் அடங்கும். இலங்கையில் வாழ்பவை ஆறு. அவற்றுள் இரண்டு உலகில் வேறெங்கும் இல்லாதவை. காதோரம் மஞ்சள் தூவி நிற்கும் ஒன்றை நுவரெலியாவின் குளிரிலே காணலாம்.

எல்லோரும் அறிந்தது கொண்டைக்குருவியே. கறுத்த தலை, சிறு கொண்டை, வாலடியில் சிவப்பு. பப்பாசிப் பழத்தைக் கொத்தும், பூச்சியும் பிடிக்கும். விறாந்தை விளக்கின் மேலேயே கூடு கட்டிவிடும் துணிச்சலும் உண்டு. சிங்களத்திலும் இதற்குக் 'கொண்டயா' என்றுதான் பெயர். தமிழகத்துப் பறவை நூல்களோ சின்னான் என்கின்றன. நம் மக்கள் கண்ணால் கண்டதைக் கொண்டு பெயரிட்டார்கள். அறிவியலாளர் பாடு அப்படியல்ல. 1766இல் லின்னேயஸ் இதற்குத் தென்னாபிரிக்காவைக் குறிக்கும் 'காபர்' என்ற பெயரை வைத்தார். பறவையின் மாதிரி நன்னம்பிக்கை முனையிலிருந்து கிடைத்தது என்ற தவறான நம்பிக்கையால் நேர்ந்தது அது. தென்னாபிரிக்காவில் இப்பறவை இயல்பாக வாழ்வதில்லை. பெயர் மட்டும் இன்றும் மாறவில்லை. கவிஞர்கள் மட்டுமா பிழைவிடுகிறார்கள்!

இனிக் கவிதைக்கு வருவோம். அல்லாமா இக்பால் சிறுவர்க்கென எழுதிய 'ஹம்தர்தீ' என்ற பாடல், 1924இல் வெளிவந்த 'பாங்கெ தரா' தொகுதியில் உள்ளது. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரைத் தழுவியது. கூப்பரின் நைற்றிங்கேல் பகல் முழுதும் பாடி, பொழுது சாய்ந்த பின்பும் பாடி, பசியெடுத்ததும் ஒளிவிடும் புழுவொன்றைத் தின்ன வருகிறது. 'உனக்கு இசை, எனக்கு ஒளி. இரண்டும் இரவை அழகு செய்யவே' எனப் புழு வாதாடித் தப்பிக்கொள்கிறது. இக்பாலிடத்தில் கதை அடியோடு மாறிவிடுகிறது. அவருடைய புல்புல் ஒரு மரக்கிளையில் தனியே சோர்ந்திருக்கிறது. பறப்பதிலும் இரை பொறுக்குவதிலும் பகல் கழிந்துவிட்டது, இருள் சூழ்ந்துவிட்டது, கூட்டுக்கு எப்படிப் போவேன் என்று அழுகிறது. மின்மினி வந்து வழிகாட்டுகிறது.

இரவிலே பாடும் நைற்றிங்கேல் இருளைக் கண்டு அழுமா? கலங்குவது பகற்பறவை. இக்பால் பிறந்து வளர்ந்த பஞ்சாபின் தோட்டங்களிலே மலிந்திருப்பது நம் கொண்டைக்குருவியேதான். பெயரைப் பாரசீகத்திடமும் கதையின் வித்தை ஆங்கிலத்திடமும் பெற்ற கவிஞர், பறவையை மட்டும் தம் முற்றத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் அறிந்து செய்தாரோ, அறியாமல் நேர்ந்ததோ, பாடல் அதனால் உயிர்பெற்றது.

இதைத் தமிழாக்கும்போது குயில் என்று எழுதினால் என்ன ஆகும்? அது நமக்குக் கைவந்த வழக்கம். ஆங்கிலத்தில் 'இந்தியாவின் நைற்றிங்கேல்' எனப்பட்ட சரோஜினி நாயுடு நம்மிடையே 'கவிக்குயில்' ஆனார். அங்கு பொருந்தியது இங்கு பொருந்தாது. குயில் கூடே கட்டுவதில்லை. காகத்தின் கூட்டிலல்லவா முட்டையிடுகிறது! 'கூட்டுக்கு எப்படிப் போவேன்' என்று குயில் அழுதால், வகுப்பிலுள்ள பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள்.

அத்தாரின் பறவைக்கு 'இராப்பாடி' என்று எழுதுவோர் உண்டு. அது ஏற்கத்தக்கதே. இக்பாலின் பறவையைக் கொண்டைக்குருவி என்றே எழுதலாம் என்பேன். சந்தேகமுள்ளவர்கள் பின்னேரம், வெளிச்சம் மங்கும் நேரத்தில், வீட்டு வேலிப்பக்கம் சற்று நின்று கேட்கட்டும். அடைவதற்கு இடம்தேடிப் பற்றைகளுக்குள் அவை சளசளத்துக்கொண்டிருக்கும். இருட்டியதும் சத்தம் அடங்கிவிடும்.