ஒடாக்கு: "உங்க வீடு" என்ற சொல்லின் கதை

அனிமே ரசிகர்கள் பலர் "நான் ஒரு ஒடாக்கு" என்றுதான் இன்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னன்னா, முதலில் அது 'நான்' பக்கத்துச் சொல்லே இல்லை. எதிரில் நிற்பவரைக் குறித்த சொல்.

ஜப்பானிய மொழியில் 'தாக்கு' என்றால் வீடு. முன்னால் வரும் 'ஒ' மரியாதைக்கு. உங்கள் வீடு, அதாவது தாங்கள். நம்ம ஊர்ல கணவரை "எங்க வீட்ல" என்று சொல்றாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அந்த மொழியில் முன்னிலைச் சொற்கள் பல. 'கிமி' உரிமை எடுத்துக்கொள்ளும், 'ஒமாஎ' முரட்டுத்தனம். 1975-இல் டோக்கியோவில் தொடங்கிய காமிக் மார்க்கெட் போன்ற இடங்களில் கூடியவர்களில் பலர் முன்பின் அறியாதவர்கள். ஒரே தொடர் பிடிக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கு இந்தத் தள்ளி நிற்கும் மரியாதை தோதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1983-இல் நகாமோரி அகியோ 'மங்கா புரிக்கோ' இதழில் இந்தப் பேச்சுவழக்கைக் கிண்டலடித்து, அதையே அவர்களுக்குப் பெயராக வைத்தார். 1989-இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் குவிந்திருந்த வீடியோ கேசட்டுகளை ஊடகங்கள் திரும்பத் திரும்பக் காட்டின. கேலிப்பெயர் வசைச்சொல் ஆனது. சம்பந்தமே இல்லாத ரசிகர்கள் மேலும் அந்தச் சந்தேகம் விழுந்தது.

வெளிநாட்டு ரசிகர்கள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிலும் இப்போது கறை வெளுத்திருக்கிறது, முழுசா போகல. அதனால் உங்களை ஒடாக்கு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். புதிதாக அறிமுகமாகும் ஜப்பானியரிடம் "நீங்க ஒடாக்குவா?" என்று கேட்கும் முன் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.